மூளையிற் சுரக்கும் ஆனந்தமும் சிவானந்தமும்

திண்டுக்கல்லைச் சார்ந்த நத்தத்தில் ஆண்டுதோறும் மாசித் திங்களில் மாரியம்மை திருவிழா நிகழ்கின்றது. அடியார் மஞ்சளாடை புனைந்து காப்புக்கட்டி நோன்பிருப்பர், கரந்தமலைத் தீர்த்தங் கொணர்வர், கழுமரம் ஏறுவர், முடிவிற் பூக்குழி இறங்குவர். தணலின்மேல் நடந்து கரையேறியவர் கண்ணீர் வாரச் சொல்லிழந்து நிற்பதைக் காண்போர், இவர் பெற்றது யாது என்று வினவாதிரார். அருள் என்பர் முதியோர். எண்டார்பின் என்பர் கல்லூரியிற் பயின்ற இளைஞர். ஒரு குடும்பத்தாரிடத்தே, ஒரே நாளில், இவ்விரு விடையையும் கேட்கலாம்.

மூளையில் இயல்பாகவே ஊறும் சில இரசாயனப் பொருள்களே பத்தி, தியானம், அருட்கூத்து முதலியவற்றிற் றோன்றும் அனுபவங்கட்குக் காரணம் என்னுங் கொள்கை மேனாட்டிற் பரவி, இந்நாட்டிலும் வேரூன்றியுள்ளது. இதனைக் கேட்ட சைவருள் ஒரு சாரார், சமயத்திற்கு இறுதி வந்ததென அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார், ஆகமம் அன்று கூறியதை ஆராய்ச்சி இன்று நாட்டிற்று என மகிழ்கின்றனர். அச்சமும் மகிழ்ச்சியும் ஒரே பிழையினின்று தோன்றியவை. அப்பிழை யாதென்பதைக் காண்பதற்கு முன், ஆராய்ச்சியாளர் உண்மையிற் கண்டது எவ்வளவு என்பதை அளந்துகொள்ளுதல் வேண்டும். பிறர் கூற்றை உள்ளவாறு நிறுத்திப் பின்னரே மறுத்தல் சித்தாந்த நூலார் மரபாகலின்.

1975ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், அபின் போன்று நோவைத் தணிக்கும் பொருளொன்று மூளையிலேயே உண்டென்று கண்டனர். எண்டார்பின் எனப் பெயர் பெற்ற பொருள்கள் இவ்வினத்தைச் சார்ந்தன. 2001ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சிலர் பாலித் தீவின் கோயிற் சடங்குகளில் ஆவேசமுற்றோரின் குருதியை ஆராய்ந்து, ஆவேசமுறாதாரினும் அவரிடத்து எண்டார்பினும் டோபமைன் முதலியனவும் மிக்கிருத்தலைக் கண்டனர். 2002ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்தார், யோகநித்திரை பயில்வோர் எண்மரை ஆராய்ந்து, அந்நிலையில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் வெளிப்பாடு நூற்றுக்கு 65 பங்கு மிகுகின்றது எனக் கணித்தனர். அந்நிலையில் அவர்க்குச் செயலில் வேட்கை குறைந்திருந்ததும் குறிக்கப்பட்டுள்ளது.

இவை மெய்யான உழைப்பின் பயன், இகழத்தக்கன அல்ல. ஆயினும் பாலியில் அளக்கப்பட்டது குருதியே, மூளையன்று. குருதியிலுள்ள எண்டார்பின் மூளையுள் எளிதிற் புகாதென்பதை உடல்நூலாரே கூறுவர். ஆகவே குருதியிற் கண்டதைக் கொண்டு மூளையில் நிகழ்ந்ததை அனுமித்தல் ஐயத்திற்கு இடனாம். மேலும், ஆவேசத்தான் அப்பொருள் மிக்கதோ, அப்பொருள் மிக்கமையான் ஆவேசம் நிகழ்ந்ததோ என்பது அவ்வளவையால் விளங்குமாறில்லை. உடனிகழ்ச்சி ஒன்றே காரணத்தை நாட்டாது.

தமிழரைப் பற்றியே நிகழ்ந்த ஆராய்ச்சியும் உண்டு. மொரீஷியஸ் தீவில் தைப்பூசத்தன்று அலகு குத்திக் காவடி எடுக்கும் தமிழ் மரபினரை ஸீகலாட்டாஸ் என்பாரும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்து, 2013, 2019ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். வழிபாட்டிற் கூடியிருந்தோரினும், அலகு குத்திக் காவடி எடுத்தோரும் அவருடன் சென்றோரும் அறத்திற்கு மிகுதியாக ஈந்தனர். நோயும் வறுமையும் உற்றோரே மிகுதியாக அலகு ஏற்றனர். மிக வருந்தியவரே பின்னர் மிகுந்த நலம் உற்றதாகவும் கூறினர். இவற்றைச் சொல்லிக்காட்டும் பத்திரிகையாளர் சிலர் எண்டார்பினைத் துணைக்கழைக்கின்றனர். அவ்வாராய்ச்சியிலோ மூளைப்பொருள் ஒன்றும் அளக்கப்படவில்லை. அளந்தது மேனியின் வியர்வைக் குறியும், ஈகையும், அவரவர் வாய்மொழியும்.

பூக்குழியைப் பற்றிய ஆராய்ச்சி இதனினும் சுவையுடையது. ஸ்பெயின் நாட்டின் சான் பெத்ரோ மன்ரீக்கே என்னும் சிற்றூரிலும் தீமிதி விழா உண்டு. அங்கே தீமிதித்தோர்க்கும் கண்டு நின்றோர்க்கும் நெஞ்சத்துடிப்பை அளந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிதித்தவரின் நெஞ்சத்துடிப்பு ஏறி இறங்கியவாறே கரையில் நின்ற உறவினர்க்கும் ஏறி இறங்கிற்று. உறவில்லாதார்க்கு அவ்வாறு நிகழவில்லை. இருதிறத்தாரும் கண்டது ஒரு தணல், ஒரு காட்சி. வேறுபட்டது அன்பு. நத்தத்தில் மகன் இறங்கக் கண்டு கரையில் நிற்கும் தாய்க்கு இதனை எவரும் அளந்து கூறவேண்டுவதின்று. அன்பிற்கும் ஓர் இரசாயனம் உண்டென எதிர்வாதி கூறலாம், கூறுக. அன்புடைமை அவ்விரசாயனத்தை எழுப்பிற்றேயன்றி, அயலான் ஒருவன்பால் அஃது எழுந்து அவனைத் தாயாக்கிற்றில்லை.

(பூக்குழியிற் கால் வேகாமைக்கும் எண்டார்பினே காரணம் என்று கூறுவாரும் உளர். அது வெறும் மயக்கம். நோவு தோன்றாமை வேறு, தோல் வேகாமை வேறு. மரக்கரியும் அதன்மேற் படிந்த நீறும் வெப்பத்தை மெல்லக் கடத்துவன. அடி படும் பொழுதும் சிறிது. இதனை விளக்குதற்கு மூளைவரை செல்லவேண்டுவதில்லை.)

இவ்வாராய்ச்சிகளின் முடிபுகள் நிலைபேறுடையனவோ எனின், பலவும் அல்ல. ஸெரோடோனின் என்னும் பொருள் பொருந்தும் இடங்களின் அளவிற்கும் ஒருவனது ஆன்மிக நாட்டத்திற்கும் தொடர்புண்டு என்று 2003ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்தார் 15 ஆடவரை ஆராய்ந்து கூறினர். உலகெங்கும் அது பேசப்பட்டது. 2011ஆம் ஆண்டு பின்லாந்தில் அதனை மீண்டும் ஆராய்ந்தோர் அத்தொடர்பைக் கண்டிலர். அதனைப் பேசினார் சிலரே. தியானத்தால் நோவு தணிவது எண்டார்பின் இனத்தால் ஆவது என்று எண்ணியிருந்தனர். அவற்றின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்த பின்னும் தியானிப்போர்க்கு நோவு தணிந்ததை 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. நெடுந்தூரம் ஓடுவார்க்கு உண்டாகும் களிப்பும் எண்டார்பினாலேயே என்பது நாற்பது ஆண்டுப் பேச்சு. 2021ஆம் ஆண்டு ஜெர்மானியர் அவ்வாறே தடைமருந்து கொடுத்து ஓட்டிப் பார்த்தனர், களிப்புக் குறையவில்லை. இது விஞ்ஞானத்திற்கு இழுக்கன்று. தன் பிழையைத் தானே திருத்துதல் அதன் அழகு. ஆனால் மாறுந் தன்மைத்தாகிய ஒன்றைத் தூணாக நட்டு, அதன்மேற் சிவானுபவத்தைக் கட்ட முயலும் சைவர், 2003இல் எய்திய மகிழ்ச்சியை 2011இல் எங்கே வைப்பர்?

இனிக் கொள்கைக்கு வருவோம். மூளைப்பொருளால் மனம் மாறுகின்றது எனக் கேட்டு அஞ்சும் சைவர், மனத்தை ஆன்மா எனக் கொண்டே அஞ்சுகின்றனர். அது டெகார்ட்டின் கொள்கை, மெய்கண்டார் கொள்கையன்று. பிரெஞ்சு அறிஞராகிய அவர், நினைவு அனைத்தையும் உயிரின் பக்கத்தும் உடம்பைச் சடத்தின் பக்கத்தும் வைத்துப் பிரித்தார். ஆகவே நினைவு சடத்தால் அசைகின்றது என்று காட்டியவுடன் அம்மரபினர்க்கு உயிரே ஆட்டங்கண்டது. சித்தாந்தத்திலோ மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் ஆகிய அந்தக்கரணங்கள் மாயையின் காரியம், சடம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணம் ஆன்மாவன்று என்பதையே விளக்குவது. இன்பதுன்ப மோகங்களும் முறையே சாத்துவிக இராசத தாமத குணங்களின் விளைவாய், அராகம் முதலிய வித்தியாதத்துவங்களின் துணையால் நுகரப்படுவன. முப்பத்தாறு தத்துவமும் இங்ஙனம் கருவியென வகுத்துக்கொண்ட ஒரு நூல்வழியார்க்கு, இன்பத்தைத் தூண்டும் சடப்பொருள் ஒன்று மூளையில் உளதென்பது திடுக்கிடுஞ் செய்தியன்று. இல்லையெனின் அன்றோ வியப்பு.

அற்றேல், கருவியே போதும், ஆன்மா வேண்டா எனின், அது பழைய உலோகாயதன் வாதம். சிவஞான சித்தியார் பரபக்கத்துள் அருணந்தி சிவாசாரியார் முதற்கண் எடுத்து மறுப்பது அவனையே. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்பவற்றிற் றனித்தனி இல்லாத செம்மை மூன்றும் கூடியவழித் தோன்றுமாறு போல, பூதங்களின் கூட்டத்தில் அறிவு தோன்றும் என்பது உலோகாயதர் உவமை. சோழவந்தான் வெற்றிலையை மென்று கொண்டே இவ்வுவமையை ஆராயலாம். செம்மை தோன்றியது வாயில். தோன்றிற்று என அறிந்தது வாயன்று. சிவந்த வாய் தன் சிவப்பைக் காணாது. காண்பதற்குக் கண்ணும், கண்வழி நின்று காண்பான் ஒருவனும் வேண்டும். டோபமைன் மிகுந்தது என்று கோபன்ஹேகனில் அறிந்ததும் டோபமைன் அன்று. மேலும், ஒன்று கெட்டால் மற்றொன்று கெடும், ஒன்று மிகின் மற்றொன்று மிகும் என்னும் அன்னுவய வெதிரேகம், காரணத்திற்கும் கருவிக்கும் பொதுவாயிருப்பது. நரம்பு தளர்ந்தால் யாழிசை கெடும். அதனான் நரம்பே பாணன் ஆகான். இவ்வேது ஒன்றினாலேயே ஆன்மா உண்டென்பது முடிந்துவிடாது என்பதும் உண்மை. அதற்கு மூன்றாஞ் சூத்திரத்தின் ஏதுக்கள் வேறு உள. மூளையை அளக்கும் முறையால் அவ்வழக்கு எப்பக்கத்தும் தீர்வதில்லை என்பதே ஈண்டு வேண்டுவது.

அஞ்சுவோரை விட்டு மகிழ்வோரிடம் வருங்கால், திருத்தவேண்டிய பிழை பெரிதாகின்றது. அவர் ஏந்தி நிற்கும் கொடி ஆனந்தமைடு. 1964ஆம் ஆண்டு கஞ்சாவின் மயக்குப் பொருளைப் பிரித்தெடுத்தவருள் ஒருவராகிய மெச்சூலம் என்பார், ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் டிவேன், ஹானுஷ் முதலியோருடன் கூடி, கஞ்சா பொருந்தும் மூளையிடத்தில் இயல்பாகவே பொருந்தும் ஒரு கொழுப்பினப் பொருளைப் பன்றி மூளையினின்றும் பிரித்து, 1992ஆம் ஆண்டு வெளியிட்டார். அதற்கு ஆனந்தம் என்னும் வடசொல்லாற் பெயரிட்டனர். பன்றிக்குட்டிகட்குத் தாயாகிப் பால் கொடுத்த திருவிளையாடல் நிகழ்ந்த நாட்டார்க்கு, பன்றியிடத்து ஆனந்தம் உண்டென்பதில் இழிவு தோன்றாது. பெயரைப் பொருளென்று கொள்ளுதலிலேயே இழிவு. துறவியர் சிலர் கஞ்சாவைச் சிவமூலி என்று வழங்கினர். அதனால் அப்புகை சிவத்தின் மூலமாயிற்றில்லை. ஜெருசலேத்தார் செய்ததும் அவ்வளவே. அவர் மகிழ்ச்சியைக் குறிக்க ஓர் அழகிய சொல்லை நாடினர். தைத்திரீய உபநிடதத்தின் ஆனந்தவல்லிக்கு உரை எழுதினாரல்லர்.

அப்பொருள் நோவு, பசி, மறதி, அச்சம் முதலியவற்றை ஆள்வது. தோன்றிச் சிறிது பொழுதில் ஒரு நொதியால் அழிவது. ஸ்காட்லாந்தில் மூதாட்டி ஒருவர்க்குப் பிறப்பிலேயே அந்நொதி குறைந்து, ஆனந்தமைடு உடம்பில் மிக்கிருத்தலை மருத்துவர் 2019ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவர்க்கு நோவு தோன்றுவதில்லை, கவலையும் அச்சமும் மிகக் குறைவு, மறதி உண்டு, கை வேகுங்கால் ஊன் தீயும் நாற்றத்தால் அன்றி அதனை அறியார். ஆனந்தமைடே ஆனந்தமாயின் அவர் பிறவிச் சீவன்முத்தர் ஆதல்வேண்டும். அவரோ தம்மை அவ்வாறு கூறிக்கொண்டவர் அல்லர். நோவின்மை வேறு, பிறவிநோய் நீங்குதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று ஏட்டில் தேடினும் கிடைப்பதரிது.

அளவை நூலார் காட்சியை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தனர். மூளைப்பொருள் அசைப்பது முதல் மூன்றனையும் ஐயமின்றி; யோகக் காட்சியும் சமாதியிற் கருவிகளைக் கொண்டு நிகழுமளவிற்கு அதனால் தீண்டப்படலாம் எனின், அதனை மறுக்கவேண்டுவதில்லை. இவை எல்லாம் பாசஞான பசுஞானங்களின் எல்லைக்கு உட்பட்டவை. சிவபோகமோ தசகாரியத்துள் இறுதியில் நிற்பது. முதற்படியாகிய தத்துவரூபத்தில் நின்று செய்யும் ஆராய்ச்சியைப் பத்தாம் படிக்குச் சான்றாக இழுப்பது, கடைகாலைக் கண்டு கலசம் கண்டேன் என்பதோடு ஒக்கும்.

நெற்றிக்கண் பற்றிய ஆரவாரம் இன்னும் ஒன்று. மூளையின் நடுவே பீனியல் என்னும் சிறு சுரப்பி உளது. பல்லியினத்துட் சிலவற்றில் இதனைச் சார்ந்து ஒளியுணரும் கண் போன்ற உறுப்பும் காணப்படும். டெகார்ட் 1649ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இச்சுரப்பியை உயிரின் இருக்கை என்றார். 1990 முதல் 1995 வரை நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராஸ்மன் என்னும் மருத்துவர், டி.எம்.டி. என்னும் பொருளை ஏறக்குறைய 60 பேர்க்கு ஊசியால் ஏற்றி, அவர் கண்ட அற்புதக் காட்சிகளைத் தொகுத்து 2001ஆம் ஆண்டு நூலாக்கினார். பீனியலே அப்பொருளை உரிய காலத்திற் சுரக்கின்றதாகலாம் என்பது அவர் கருதுகோள். இதனைக் கேட்ட சைவர் சிலர், சிவபெருமானது நெற்றிக்கண் இதுவே என்று நூலெழுதியும் மேடையேறியும் முழங்குகின்றனர்.

கருதுகோள் என்று கூறியதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டது முதற் பிழை. 2019ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எலிகளின் மூளையில் டி.எம்.டி. இருத்தலைக் கண்டனர், பீனியலை அறுத்து நீக்கிய எலிகளிடத்தும் அஃது இருந்தது. மனிதர் மூளையில் காட்சிகளைத் தோற்றுவிக்கும் அளவில் அப்பொருள் ஊறுவது நிறுவப்படவுமில்லை. இரண்டாம் பிழை இதனினும் கொடிது. நெற்றிக்கண் பதியின் அடையாளம், காமனை எரித்தது. அதனைப் பசுக்கள் தோறும் உள்ளதோர் ஊன்முடிச்சு ஆக்குதல், பதியையும் பசுவையும் ஒன்றாக்குதல். சைவத்திற்குச் சான்று தேடப் புகுந்து சைவத்தையே இழக்கின்றனர். அற்புதம் கண்டோர்க்கு அக்காட்சியின் வியப்பிற்கு ஏற்ப வாழ்க்கை மாறினதும் அரிது என்று ஸ்ட்ராஸ்மனே ஒப்புகின்றார். அவர் நூலைப் போற்றுவோர் அப்பகுதியைப் படிப்பதில்லை போலும்.

ஈண்டு எதிர்வாதி வலியுடையதொரு வினா எழுப்புவான். அடியார்க்குக் கண்ணீர் வாரும், மயிர் பொடிக்கும், நாத் தழுதழுக்கும் என்று சைவத் திருமுறைகள் கூறுகின்றனவே; இவை உடம்பின் நிகழ்ச்சிகள் அல்லவோ? இரசாயனத்தின் தொடர்பின்றிக் கண்ணீர் வாருமோ? வாராது. மெய்ப்பாடு மெய்யிற் படுவதாகலின் மெய்யின் வழியே படும். பசுகரணம் சிவகரணம் ஆதல் என்பதற்கும் கரணம் மாறி வேறு கரணம் வருதல் பொருளன்று. அதே கரணம், அதே கண், அதே நீர். அதனைச் செலுத்துவது யான் எனது என்னும் செருக்கோ திருவருளோ என்பதே வேறுபாடு. அவ்வேறுபாட்டைக் குருதியிலோ கதிர்ப்படத்திலோ காண இயலாது.

காண இயலாத வேறுபாடு இல்லாத வேறுபாடே என்று அவன் மேலுங் கூறின், காணும் இடம் வேறு என்பது விடை. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902ஆம் ஆண்டு வெளியிட்ட சமய அனுபவ நூலில், ஓர் அனுபவத்தின் உடற்காரணத்தைக் கூறுதலால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது, அதன் பயனைக் கொண்டே மதிக்கவேண்டும் என வாதித்தார். மெய்கண்டார் இதனை அவர்க்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முன்னரே நூலின் அமைப்பிலேயே வைத்துள்ளார். சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரம், முத்தியெய்தினானுக்குத் தோன்றும் ஒளியையோ ஒலியையோ களிப்பையோ கூறவில்லை. மலம் கழுவி, அடியாரொடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுவான் என்று ஒழுக்கத்தையே கூறி முடிகின்றது. அனுபவத்தின் உச்சியைப் பேசவேண்டிய இடத்தில் அவர் கூடி இருத்தலையும் தொழுதலையும் வைத்தார். மூளைப்பொருள் ஆராய்ச்சியால் சிறிதும் அசையாத இடம் இதுவே.

இவ்வாராய்ச்சியால் சாதகனுக்கு ஒரு நன்மையும் உண்டு. பூசையில் ஒருநாள் உள்ளம் பொங்கிற்று, மறுநாள் பொங்கவில்லை. பொங்கியபோது சிவன் வந்தான், பொங்காதபோது நீங்கினான் என்று மயங்குவோர் பலர். அப்பொங்குதல் தத்துவத்தின் கூத்து, வருவதும் போவதும் அதற்கு இயல்பு என்று தெளிதல் தத்துவதரிசனத்திற்குத் துணையாம். அத்தெளிவுடையான் வறண்ட நாளிலும் பூவெடுத்து இடுவான்.

இவை ஏட்டளவில் நிற்கும் வழக்குகள் அல்ல. ஒரு பெண் உடல் நடுங்கி, உறக்கமிழந்து, பிறர் கேளாத குரல் கேட்டு வருந்துகின்றாள். வீட்டார் அருள் என்று மகிழ்கின்றனர், அன்றிப் பேய் என்று அடிக்கின்றனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயர் விடுதியொன்று தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். வழிபாட்டிடத்தை நம்பி வந்தோர் அவர். எச்சமயத்தார்க்கும் பொதுவான துயரம் இது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயரைச் சங்கிலியிற் பிணித்தலை விலக்கியுள்ளது.

மனம் சடம் என்னும் கொள்கை இங்கேதான் பயன் தரும். அந்தக்கரணம் மாயையின் காரியமாயின், அதற்கு வரும் பிணியும் மாயையின் காரியமே. கண்ணோய்க்கு மருந்திடுமாறு போல அதற்கும் மருந்திடல் தகும். அதனால் ஆன்மாவிற்கோ அருளுக்கோ குறைவில்லை. கோயிலும் பயனற்றதன்று. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயர் 31 பேரைப் பெங்களூர் மனநலக் கழகத்தைச் சார்ந்தோர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிட்டனர். மந்திரமோ அடியோ இன்றி, இடத்தின் அமைதியிலும் பரிவிலும் சில வாரம் இருந்த அளவில், நோய்க்குறிகளின் அளவை ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கு தணிந்திருந்தது. மீதி எண்பதிற்கு மருத்துவர் வேண்டும் என்பதை அக்கோயிலார் மறுக்கார்.

நத்தத்துப் பூக்குழியிலும், காப்புக்கட்டும் நாளிலேயே, நோன்பிற்கு வந்தவருள் நோயுற்றோர் யார் என்று உறவினர் அறிந்து தணலினின்று விலக்கி மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராயின், அம்மை வெகுளாள்.